புழு இல்லாத வீடு

அந்தச் சாப்பாட்டு அறையில் ஒரு ஈ கூட இல்லை. அதை முதலில் கவனித்தது நொறுக்குதான். சாப்பாடு சம்பந்தப்பட்ட எதுவும் அவன் கண்ணுக்குத் தப்பாது. மற்றதெல்லாம் தாராளமாகத் தப்பும்.

மேஜைமேல் நறுக்கிய பழம் மூடாமல் கிடந்தது. ஜன்னல்கள் திறந்திருந்தன. வெளியே கண்ணுக்கு எட்டிய மட்டும் காய்கறித் தோட்டம். இத்தனை இருந்தும் பழத்தை மொய்க்க ஒரு ஈ வரவில்லை, சுவரோரம் ஓர் எறும்பு ஊரவில்லை, தோட்டத்துப் பக்கமிருந்து ஒரு குருவிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. பட்டப்பகலிலேயே நொறுக்குக்கு முதுகு சில்லிட்டது.

“இந்த வீட்டுப் பல்லியெல்லாம் பட்டினி கிடந்தே போய்ச் சேர்ந்திருக்கும், மேடம்,” என்று கிசுகிசுத்தான்.

மேடம் மூடாத பழத்தையும் திறந்த ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குச் சொல்லி வருகிறவர்களைப் பிடித்துப் பிடித்தே தலை நரைத்தவர் அவர். வேலையை விட்டு வந்து தனியாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது உதவிக்கு ஒட்டிக்கொண்டவன் நொறுக்கு. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. எந்நேரமும் எதையாவது கொறித்துக்கொண்டே இருந்ததால் இந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

எதிரே சாய்வு நாற்காலியில் முதலாளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நகரத்துச் சந்தையில் விற்கிற காயில் பாதி அவர் தோட்டத்துக் காய். வாட்டசாட்டமான ஆள். இப்போது சட்டை மட்டும்தான் அந்த அளவில் இருந்தது.

“எனக்கு யாரோ விஷம் வெக்கிறாங்க,” என்றார். “ஒரேயடியா இல்ல, கொஞ்சம் கொஞ்சமா. வாந்தி, தலைசுத்தல். சும்மா உட்கார்ந்திருந்தாலே வேர்த்துக் கொட்டுது. இந்தக் கையைப் பாருங்க.”

கை தானாக ஆடியது. அவர் அதை மற்றொரு கையால் பிடித்து மடியில் அமுக்கினார்.

“ஒரு நாள் தலைவலின்னு படுத்தவன் இல்ல நான். தினமும் எழுந்ததும் ஒரு பெரிய டம்ளர் பச்சைக் காய்ச் சாறு. எல்லாம் வீட்டுத் தோட்டத்துக் காய்.”

“டாக்டர் என்ன சொல்றார்?” என்று கேட்டார் மேடம்.

“சாப்பாட்டுலதான் ஏதோ இருக்குங்கிறார். மேல கேட்டா, இப்பல்லாம் இதே மாதிரி தினமும் நிறைய பேர் வர்றாங்க, என்னன்னு சொல்றதுன்னு மழுப்புறார். ஊர்ல இருக்கிறவனும் நானும் ஒண்ணா?”

“நிறைய பேரா?” என்றார் மேடம்.

“அவங்க கதை நமக்கு எதுக்கு? என் பேத்தி இந்த வீட்டுலதான் சாப்பிடுறா. பையனும் மருமகளும் கடல் தாண்டி வேலை பாக்குறாங்க, என்னை நம்பித்தான் குழந்தையை விட்டுட்டுப் போயிருக்காங்க. நான் வாழ்ந்து முடிச்ச கட்டை, போனாப் போறேன். அவ தட்டுல எவனாவது கை வெச்சுட்டான்னா?”

அவர் கண் கலங்கியது. நொறுக்குக்கு இரக்கமாக இருந்தது. அவன் மனைவியும் வாயும் வயிறுமாக வீட்டில் இருந்தாள். பிள்ளையை நினைத்துப் பயப்படுவது என்றால் என்னவென்று அவனுக்கு இப்போதுதான் தெரிய ஆரம்பித்திருந்தது.

“வீட்டுல வேற யாரெல்லாம் இருக்காங்க?”

“தம்பி பொண்டாட்டி. தம்பி போன வருஷம் போயிட்டான். நெஞ்சுவலி.” அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் கொஞ்சம் அவசரமாகச் சொன்னார். “அப்புறம் சமையலுக்கு ஒரு அம்மா வர்றாங்க. அவ்வளவுதான்.”

“குழந்தைக்கு உடம்பு எப்படி இருக்கு?”

“இதுவரைக்கும் ஒரு குறையும் இல்ல. அவளுக்கு அவ சின்னப் பாட்டிதான் தனியா ஒரு பாத்திரத்துல சமைச்சு ஊட்டுவா.”

வெளியே வந்ததும் நொறுக்கு விரலைச் சொடுக்கினான். “கேஸ் முடிஞ்சது, மேடம். வீட்டுக்கு ஒரு பானை, அந்தச் சின்னப் பாட்டிக்கு ஒரு பானை. இன்னிக்குக் குழந்தைக்கு நல்ல பானை, நாளைக்கு எதுவோ. சொத்துக்கு இங்கே இருக்கிற ஒரே வாரிசு அவதானே?”

“நீ சீக்கிரம் முடிச்ச கேஸை எல்லாம் நான்தானே மறுபடியும் தொறந்திருக்கேன்,” என்றார் மேடம். “போய்த் தோட்டத்தைப் பார்த்துட்டு வா. எதையும் தொடாதே.”

தொடாதே என்றால் நொறுக்கு தொடாமல் இருப்பானா? வீட்டுக்குப் பின்னால் பெரிய தகரக் கொட்டகை. நீல நிறப் பிளாஸ்டிக் கூடைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. காலிஃப்ளவர், கத்திரிக்காய், வெள்ளரிக்காய் எல்லாம் மெழுகு பூசினாற்போல் பளபளத்தன. அழுகிய பூண்டு மாதிரி ஒரு வாடை அங்கே தேங்கி நின்றது. அவன் ஒரு வெள்ளரிக்காயை எடுத்துச் சட்டையில் துடைத்து ஒரு கடி கடித்தான்.

“எனக்கு?” என்று ஒரு குரல் கேட்டது. அவன் முழங்கால் உயரத்தில் முதலாளியின் பேத்தி கையை நீட்டிக்கொண்டு நின்றாள். கொடுத்துத் தின்னும் குணம் நொறுக்குக்கு உண்டு. பாதியை ஒடித்து அந்தப் பிஞ்சுக் கையில் வைத்தான்.

காய் வாய்க்குப் போய்ச் சேரவில்லை. கொட்டகைக்குள்ளிருந்து ஒரு பெண்மணி ஓடிவந்து அதைத் தட்டிவிட்டார். ஒல்லியான உடம்பு, குழிந்த கண். குழந்தையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு இரண்டு கையையும் தேய்த்துக் கழுவினார். வாயையும் கொப்புளிக்க வைத்தார். பிறகு கீழே கிடந்த துண்டைக் காலாலேயே சாக்கடைக்குள் தள்ளிவிட்டார்.

“கழுவாததைக் குழந்தைக்குக் கொடுக்காதீங்க, தம்பி,” என்றார். கோபமில்லாத குரல்தான். “நீங்களும் அதைத் தின்ன வேணாம்.”

கொட்டகை ஆட்கள் அவரைச் சின்னம்மா என்று கூப்பிட்டார்கள். முதலாளியின் தம்பி மனைவி அவர்தான். ஈரக் கையைப் புடவையில் துடைக்கும்போது அந்தக் கை ஆடியதை நொறுக்கு பார்த்தான். முதலாளியின் கை ஆடிய அதே ஆட்டம். மிச்சக் காயைத் தூக்கிப்போட மனம் வராமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

சமையலறையில் மேடம் சமையலம்மாவோடு உட்கார்ந்து கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். விஷத்தைப் பற்றியோ எதிரிகளைப் பற்றியோ அவர் ஒன்றுமே கேட்கவில்லை. வெகு நேரம் ஊர்க் கதை பேசிவிட்டு, “கடைசியா நீங்க புழு பார்த்தது எப்போ?” என்றார்.

நொறுக்குக்குச் சிரிப்பு வந்தது. சமையலம்மாவுக்கு வரவில்லை.

“அந்தக் கண்றாவியை ஏன் கேக்குறீங்க? முன்னெல்லாம் காலிஃப்ளவரை உப்புப் போட்ட வெந்நீர்ல முக்கினா போதும், பச்சைப் பச்சையா மிதந்து வரும். கத்திரிக்காயைப் பிளந்தா உள்ளே குடும்பமே நடத்திக்கிட்டிருக்கும். பாதிக் காய் குப்பைக்குப் போயிடும். கொஞ்ச நாளா அந்தத் தொல்லை விட்டுது. காய் சும்மா கண்ணாடி மாதிரி வருது.”

“காய் பாத்து வாங்கத் தெரியணும்,” என்று நொறுக்கு இடையில் புகுந்தான். “நேத்து சந்தையில நான் ஒரு காலிஃப்ளவர் எடுத்தேன் பாருங்க, என் பொண்டாட்டியே அசந்துட்டா. ஒரு ஓட்டை கிடையாது. பல்லு மாதிரி வெள்ளை.”

மேடம் அவனை ஒரு பார்வை பார்த்தார். வழக்கமான முறைப்பாக அது இல்லை. பாவம் என்று பார்க்கிற பார்வை மாதிரி இருந்தது. பிறகு சமையலம்மா பக்கம் திரும்பினார்.

“புழு நின்னது, ஐயாவுக்கு உடம்பு படுத்த ஆரம்பிச்சதுக்கு முன்னாலயா, பின்னாலயா?”

சமையலம்மாவின் கத்தி பாதிக் காயில் நின்றது. “முன்னாலதாம்மா. கொஞ்சம் முன்னால.” பிறகு தானாகவே, “எனக்கும் கொஞ்ச நாளாத் தலை கிறுகிறுங்குது. வயசாச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்,” என்றாள்.

“இந்தக் காய் எங்கேயிருந்து வருது?”

“வீட்டுக்குன்னே பின்னாடி தனிப் பாத்தி இருக்கு. அதுல மருந்து அடிக்க விடமாட்டார் ஐயா. அந்தக் காய் மஞ்சள் கூடையில வரும். நீலக் கூடையெல்லாம் சந்தைக்கு.”

மேடம் எழுந்து கையைக் கழுவினார். வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவினார்.

“நாம கொலைகாரனைத் தேடுறோமா, புழுவைத் தேடுறோமா, மேடம்?” தோட்டத்து வரப்பில் பின்தொடர்ந்தபடி நொறுக்கு கேட்டான்.

“புழுவைத்தான். இந்த வீட்டுல காணாமப் போனது அது ஒண்ணுதானே.”

“ஆள் அடையாளம் ஏதாவது உண்டா?”

“குண்டா இருக்கும். எந்நேரமும் தின்னுட்டே இருக்கும். எதிரே ஆபத்து வந்தாலும் வாயை நிறுத்தாது.”

“சரி சரி, புரிஞ்சுது,” என்றான் நொறுக்கு.

சந்தைக்கான பாத்திகளைத் தாண்டி நடக்க நடக்க அவர்களுடைய காலடிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. இவ்வளவு பச்சைக்கு நடுவில் இப்படி ஓர் அமைதியை நொறுக்கு கண்டதில்லை. ஏதோ பெரிய சாவு விழுந்து எல்லாரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்ட தெருவில் நடப்பதுபோல் இருந்தது. பேசிக்கொண்டே வந்தால் பயம் தெரியாது என்று பார்த்தான். பேசவும் வரவில்லை.

வேலி ஓரத்தில் சின்னதாக ஒரு பாத்தி. அதை நெருங்கியபோதுதான் காதில் ஏதோ ரீங்காரம் விழுந்தது. ஒரு தேனீ. அப்புறம் இன்னொன்று. இலையெல்லாம் சல்லடையாகக் கிடந்தது. நொறுக்கு ஒரு காலிஃப்ளவரின் இலையை விலக்கிப் பார்த்தான்.

“அகப்பட்டுட்டாங்க, மேடம். சுற்றம் சூழ சௌக்கியமா இருக்காங்க.”

“அப்போ மஞ்சள் கூடை இங்கேயிருந்து புழுவோடதான் கிளம்புது,” என்றார் மேடம். “சமையலறைக்குப் போய்ச் சேரும்போது புழு இல்ல. நடுவுல இருக்கிறது ஒரே ஒரு இடம்.”

கொட்டகையில் லாரிக்குக் கூடை ஏறிக்கொண்டிருந்தது. மேஸ்திரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார். மேடம் அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டார். புழு என்றதும் மனிதருக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

“அதை ஏம்மா கேக்குறீங்க? சந்தைக்காரன் தினமும் போன் போட்டுத் திட்டுறான். ஒரு கூடையில மட்டும் புழு நெளியுதாம். ராத்திரி மருந்து அடிச்சு விடிஞ்சதும் பறிக்கிற காயில புழு எப்படிம்மா உசிரோட இருக்கும்?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“அடிச்ச மருந்து கலைய எத்தனை நாள் விடணும், மேஸ்திரி?”

“நாள்கணக்குல விடணும்மா. சில மருந்துக்கு வாரக்கணக்குல.” தரையைப் பார்த்தபடி பேசினார். “விட்டா திரும்பவும் பூச்சி விழுந்துடும், காயில மினுக்கு போயிடும்னு ஐயா ஒத்துக்க மாட்டார். சின்னவர் இருந்த வரைக்கும் இதுக்காகத் தினமும் சண்டை. மருந்து கலக்குறது சின்னவர்தானே. அவர் போனப்புறம் கேக்க ஆள் இல்ல.”

“பறிச்சு வர்ற காயைக் கூடையில பிரிச்சுப் போடுறது யாரு?”

“சின்னம்மா. மஞ்சள் கூடையை வேற ஒருத்தரும் தொடக் கூடாது.”

நொறுக்குக்குத் தான் கடித்த காய் ஞாபகம் வந்தது. பாக்கெட்டில் இருந்த வெள்ளரிக்காய் அப்போது பாறாங்கல்லாகக் கனத்தது. அதை எடுத்துத் தூர எறிந்தான். எறிந்த கையைப் பேண்ட்டில் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டான்.

“காய் கழுவலேன்னா கவலைப்படுறவங்க காயைத்தான் கழுவுவாங்க,” என்றார் மேடம், அவன் சொல்லியிருந்த குழாயடிக் கதையை நினைவில் வைத்து. “அந்தம்மா கழுவினது குழந்தையோட கையை. நீ அதை அப்பவே யோசிச்சிருக்கணும்.”

அந்தி சாயும் நேரத்தில் எல்லாரும் சாப்பாட்டு அறையில் கூடினார்கள். மேடம் சுற்றி வளைக்காமல் சொல்லி முடித்தார். வீட்டுக் கூடையில் இருந்த காய் சந்தைக் கூடைக்கும், சந்தைக் காய் வீட்டுக் கூடைக்கும் மாறியிருந்தது. சமையலறையில் தொலைந்த புழு சந்தையில் கிடைத்துவிட்டது. குழந்தையின் பாத்திரத்துக்கு மட்டும் வேலியோரப் பாத்தியின் காய் போனது.

முதலாளி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “நீயா? உன்னை இந்த வீட்டுல வெச்சு சோறு போட்டேனே. போலீசைக் கூப்பிடுங்க. எனக்கு விஷம் வெச்சிருக்கா இவ.”

சின்னம்மா குழந்தையை மடியிலிருந்து இறக்கிவிட்டார். “வெளியிலேருந்து நான் ஒரு சொட்டு கொண்டு வரலை, அத்தான். கூடையை மாத்தினேன். அவ்வளவுதான்.”

“பாத்தீங்களா? ஒத்துக்கிட்டா.”

“உங்க தம்பி எத்தனை தடவை உங்க கிட்ட சொன்னார்? இது ஜனங்க வயித்துக்குப் போறது, அண்ணே, நாலு நாள் விட்டுப் பறிப்போம்னு. எவனாவது செத்தானான்னு கேட்டீங்க. அப்புறம் மருந்து கலக்கின கையோட அவரே செத்தார். வாயில நுரை தள்ளினதை நான் பார்த்தேன். நெஞ்சுவலின்னு ஊருக்குச் சொல்லச் சொன்னீங்க. நானும் சொன்னேன்.” அவர் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். “அது விஷம்னு உங்க வாயால ஒரு தடவை கேக்கணும்னு இருந்தது எனக்கு. உங்களை மட்டும் சாகவிட நான் நினைக்கலை. நீங்க சாப்பிட்டதைத்தான் நானும் சாப்பிட்டேன்.”

“சமையலம்மாவும் சாப்பிட்டாங்க,” என்றார் மேடம். “அவங்க உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினாங்க?”

சின்னம்மா தலை குனிந்தார்.

பிறகு மேடம் முதலாளியிடம், “புகார் எழுதலாம், ஐயா. நானே எழுதித் தர்றேன்,” என்றார். “என்னன்னு எழுதட்டும்? என் தோட்டத்துக் காயை எனக்கே போட்டுக் கொல்லப் பாத்தாங்கன்னு எழுதட்டுமா?”

முதலாளி மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

வாசலில் மேஸ்திரி வந்து நின்றார். அவருக்குப் பின்னால் மூட்டை தூக்குகிற ஆட்கள். “ஐயா, ஏத்தியாச்சு. வண்டியை விடலாமா?”

மேடம் நீலக் கூடையிலிருந்து ஒரு வெள்ளரிக்காயை எடுத்து வந்திருந்தார். அதை நன்றாகக் கழுவி ஒரு தட்டில் வைத்து முதலாளி முன்னால் நகர்த்தினார். “இன்னிக்குப் பறிச்சது. ஒரு கடி கடிச்சுட்டு வண்டியை விடச் சொல்லுங்க. நாங்க கிளம்புறோம்.”

“அது சந்தைக்கு உண்டானது,” என்றார் முதலாளி.

அறையில் எவ்வளவு அமைதி என்றால், அந்த நேரத்துக்கு ஒரு ஈ வந்து ரீங்கரித்தால்கூட நொறுக்கு அதைக் கும்பிட்டிருப்பான். எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றதில் குழந்தையை மறந்துவிட்டார்கள். காலையில் கைக்கு வந்து வாய்க்கு வராமல் போன பண்டம் மறுபடி தட்டில் இருப்பதை அவள் பார்த்துவிட்டாள். நாற்காலியில் ஏறி எட்டி அதை எடுத்தாள்.

“ஐயோ, விஷம்டா கண்ணு.”

தள்ளாடிக்கொண்டிருந்த மனிதருக்கு அந்த வேகம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. முதலாளி தட்டி விட்டதில் காய் ஒரு பக்கமும் தட்டு ஒரு பக்கமுமாகப் பறந்தன. குழந்தை வீறிட்டு அழுதாள். அவர் அவளை வாரி அணைத்துக்கொண்டு, தன் போர்வையாலேயே அந்தச் சின்னக் கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

தரையில் உருண்ட காய் மேஸ்திரியின் காலடியில் வந்து நின்றது. மேஸ்திரி அதைப் பார்த்தார். ஆட்களும் பார்த்தார்கள். அவர்கள் வீட்டிலும் சந்தைக் காய்தான். மேஸ்திரி மறுபடி உத்தரவு கேட்கவில்லை. திரும்பி, “இறக்குங்கடா,” என்றார்.

கூடைகள் ஒவ்வொன்றாக இறங்கும் சத்தம் கேட்டது. முதலாளி தடுக்கவில்லை. சின்னம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்து, புருஷன் செத்த அன்று அழாத அழுகையை எல்லாம் அழுதார்.

காரில் ஏறும்போது மேடம், “இன்னிக்கு ஒரு வண்டி நின்னுடுச்சு,” என்றார். அதில் வெற்றி பெற்ற தொனி எதுவும் இல்லை.

“நேத்து வண்டி?” என்றான் நொறுக்கு.

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி அவனுக்குள் இறங்கியது. அவன் போனை எடுத்தான். விரல் நடுங்கியது. அது பயத்தால்தானா, அந்த ஒரு கடியாலா என்று அவனுக்கே தெரியவில்லை. மறுமுனையில் மணி போய்க்கொண்டே இருந்தது. மேடம் வண்டியைக் கிளப்பாமல் காத்திருந்தார்.

“என்னங்க,” என்றாள் அவன் மனைவி. வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

“அந்தக் காலிஃப்ளவர்,” என்றான் நொறுக்கு.

“அதைச் சொல்லணும்னுதான் நானே கூப்பிட இருந்தேன். இதே கடையில நாளைக்கும் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. அவ்வளவு நல்ல காய்ங்க. வெந்நீர்ல போட்டுப் பார்த்தேன், மருந்துக்குக்கூட ஒரு புழு இல்ல.”